கண்ணாத்தாள் ருசி பார்த்த மூன்று வயது விஸ்கி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் டெலிபோன் பூத்தில் நான் சொன்ன ஒரு பாதி உண்மையிலிருந்துதான் இந்தக் கதை தொடங்கியது. மிச்சப் பாதி மூன்று வருஷம் கழித்து ஒரு பாட்டிலில் அடைபட்டு, விமானத்தில் திருச்சிக்கு வந்து இறங்கி, மன்னார்குடி பஸ்ஸில் ஏறி, என் கடை மேசைமீது வந்து உட்கார்ந்துகொண்டது.

என் பெயர் ஷேக் பரீத். திருத்துறைப்பூண்டி போகிற சாலையில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். ஐந்து வேளை தொழுகிறவன். அவ்வப்போது சிறு பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன். என் கதைகளில் யாராவது யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். அந்த ஒரு டம்ளர் தண்ணீரில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் இந்தக் கதையில் கொடுக்கப்படுவது தண்ணீராக இல்லாமல் போய்விட்டது. அதை எங்கே வைப்பது, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல்தான் எழுதத் தொடங்குகிறேன்.

2

2006-ஆம் வருஷம். கண்ணாத்தாளின் மகன் நெடுஞ்செழியன் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தான். திருச்சியில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து, உதவித்தொகையில் மேற்படிப்புக்குப் போனவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அவனுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் பூத்துக்குப் போன் வரும். கண்ணாத்தாள் வயல் வேலை முடித்துக் கால் கழுவிவிட்டு, நாலரைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்.

(ஒரு திருத்தம். முதல் வரைவில் "உட்கார்ந்துவிடுவாள்" என்றுதான் எழுதியிருந்தேன். என் மனைவி லத்தீஃபா படித்துவிட்டு, "ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒங்க கதையில வந்தா 'வந்தார்'னு எழுதுறீங்க. கண்ணாத்தா வந்தா 'வந்தாளா'?" என்று கேட்டாள். எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். என் பேனாவில் இப்படி இன்னும் என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, தெரியவில்லை.)

ஒரு வெள்ளிக்கிழமை போன் சீக்கிரமே வந்தது. கண்ணாத்தாள் இன்னும் வரவில்லை.

"மாமா, வேலை கெடச்சிருச்சு. விஸ்கி காய்ச்சுற எடம்."

"என்ன எடம்?"

"சாராயம் மாமா. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

இது ஏன் பெரிய கேள்வி என்று சொல்ல வேண்டும். செழியனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சம்பாவுக்கு ஊறப்போட்டிருந்த விதை நெல்லை அவன் அப்பா ரெத்தினம் மூட்டையோடு தூக்கிக் கொண்டுபோய் அடுத்த ஊரில் விற்றுக் குடித்துவிட்டார். கோயிலிடம் குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர் அந்த வருஷம் முழுக்கக் கோரை மண்டிக் கிடந்தது. ரெத்தினம் அதற்குப் பிறகு ஐந்து வருஷம்தான் இருந்தார். கண்ணாத்தாள் புருஷனை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. சாராயத்தை மன்னிக்கவில்லை. அது ஊருக்கே தெரியும்.

"அங்க ஒனக்கு என்ன வேலை தம்பி?" என்று கேட்டேன்.

"மொத ரெண்டு மாசம் பார்லிய ஊறப்போட்டு முளைகட்டணும் மாமா. நெல்லு மாதிரியேதான்."

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கண்ணாத்தாள் வந்து கேட்டபோது சொன்னேன்: "ஒன் வேலைதாம்மா அவனுக்கும். பார்லின்னு ஒரு தானியம். அத முளைகட்டுறாங்க."

கண்ணாத்தாள் பூத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இம்புட்டுப் படிச்சு, பிளேன் ஏறிப் போயி, மூட்டந்தான் போடுறானா எம்மவன்?"*

அந்தச் சிரிப்பைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அது இரக்கமா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

*மூட்டம்: ஒரு நாள் முழுக்க ஊறிய விதை நெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல் ஏற்றி வைப்பது. உள்ளே சூடு ஏறி, மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். சூடு குறைந்தால் முளைக்காது, கூடினால் வெந்துபோகும். கை வைத்துப் பார்த்தே சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாத்தாள் அதில் முதல் ஆள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிக்கல் வந்தது. "முளைச்சத எங்கடா வெதைப்பீங்க?" என்று கண்ணாத்தாள் போனில் கேட்டார். அவனுக்குப் பொய் வரவில்லை.

"வெதைக்க மாட்டோம்மா. சூளையில வெச்சுக் காய வெச்சிருவோம்."

கண்ணாத்தாள் முகம் செத்துப்போய்விட்டது. முளைத்த விதையை யாராவது நெருப்பில் வைப்பார்களா? மகன் கையில் மூட்டம் கெட்டுப்போய்விட்டது, அதைத்தான் சொல்லத் தெரியாமல் மழுப்புகிறான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

"சூடு ஏறவிட்டுட்டியா? ராவுல ஒருதரம் பிரிச்சுக் கை வெச்சுப் பாக்க வேணாம்? மொதலாளி திட்டுனாரா?"

"இல்லம்மா, அவரே—"

"அவரு நல்லவரு. அதுக்காவ வெதைய வேவ வெப்பியா? கல்லக் கொறச்சுப் போடு. தண்ணி தெளி. கேட்டியா?"

"சரிம்மா."

மூன்று வருஷம் இப்படியே போனது. ஊரில் எல்லாருக்கும் செல்போன் வந்து, என் பூத்தில் சிலந்தி கூடு கட்டியது. கண்ணாத்தாள் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, பார்லி கெடாமல் காப்பாற்ற வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவன் "சரிம்மா, சரிம்மா" என்றுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் ஜெராக்ஸ் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

3

இங்கே கதையை நிறுத்த வேண்டியிருக்கிறது.

வரப்போகும் காட்சியில் ஒருவர் விஸ்கியை நாக்கில் வைக்கிறார். அதன் ருசியை நான் எழுத வேண்டும். நான் அதைத் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. முயன்று பார்த்தவை இவை:

"அது நெருப்பைப் போலத் தொண்டையில் இறங்கி—" வேண்டாம். எல்லாரும் எல்லாச் சாராயத்தையும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

"தேனில் மிளகைத் தட்டிப் போட்டு, அதில் கொஞ்சம் சுக்கும்—" இது லேகியம்.

"அந்த ருசி அவருக்குத் தன் இளமையை—" அடித்துவிட்டேன். கண்ணாத்தாளின் இளமை முழுக்க நடவு.

[ருசி இங்கே வர வேண்டும்.]

லத்தீஃபா இந்த அடைப்புக்குறியைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, குடிக்காத சாமானுக்கு எதுக்கு இந்தப் பாடு? இருமல் மருந்து குடிச்சிருக்கீங்கள்ல, அதையே எழுதுங்க. யாரு வந்து கேக்கப்போறா?"

"குடிக்கிறவங்க படிச்சா?"

"குடிக்கிறவங்க எங்க ஒங்க கதையப் படிக்கிறாங்க? ஒங்க கதையப் படிக்கிறவங்க எல்லாருக்கும் சர்க்கரை வியாதி."

செழியன் ஒரு தாள் கொடுத்திருந்தான். அவன் கம்பெனியார் அச்சடித்தது. பேரிக்காய், வெண்ணிலா, புது வைக்கோல், கடைசியில் லேசான புகை என்று போட்டிருந்தது. லத்தீஃபாவிடம் வாசித்துக் காட்டினேன். "பாதி ஐஸ்கிரீம் கடை, பாதி மாட்டுக் கொட்டாய்" என்றாள். அந்தத் தாளையும் மூடி வைத்துவிட்டேன். காட்சி வரும்போது பார்த்துக்கொள்வோம்.

4

2009, ஆவணி. பாமணியாற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலெல்லாம் நிறைந்திருந்தது. சம்பாவுக்கு விதை ஊறப்போட்டிருந்த வாரம். செழியன் ஊருக்கு வந்து மூன்றாம் நாள் காலையில் என் கடைக்கு வந்தான். துணிப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் முதலில் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

அதன் நிறம் நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. சினிமாவில் வருகிற கருஞ்சிவப்பு இல்லை. வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிறி இருந்தது.

"இது நானே முளைகட்டி, நானே காய்ச்சி, நானே பீப்பாயில அடச்சது மாமா. போன மாசந்தான் மூணு வருசம் முடிஞ்சுது. மரப் பீப்பாயில மூணு வருசம் இருந்தாத்தான் அதுக்கு ஸ்காட்ச் விஸ்கின்னே பேரு வெக்கலாம். அதுவரைக்கும் பேரு கெடையாது."

"பன்னெண்டு வருசம், பதினெட்டு வருசம்னெல்லாம் சொல்றாங்களே?"

"அதெல்லாம் பெரிய ஆளுங்க. இது இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கு."

சொல்லும்போது பாட்டிலைக் கையால் ஒருமுறை தடவினான். பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடித்துமிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லப்போறேன் மாமா. அவங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் திரும்பிப் போவல. இங்கயே ஏதாச்சும் உரக் கம்பெனியில சேந்துக்கறேன்."

"சொல்லாம இருந்தா என்ன தம்பி? சந்தோசமா இருக்காங்க."

"மூணு வருசமா அவங்க எனக்குப் பக்குவம் சொல்றாங்க. நான் அவங்கள ஏமாத்தி 'சரிம்மா'ங்கறேன். ஒங்களுக்கு எப்படி மாமா தூக்கம் வருது?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்குத் தூக்கம் வந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் எழுந்து போய்விட்டான். பையும் பாட்டிலும் மேசைமேல் இருந்தன. மறந்தானா, தைரியம் போய் விட்டுப்போனானா?

அடுத்து நடந்ததை முதல் வரைவில் மாற்றி எழுதியிருந்தேன். செழியனே திரும்பி வந்து பையை எடுத்துப்போனதாக. அது பொய். எடுத்துப்போனது நான். மதுவைக் குடிப்பவர் மட்டுமல்ல, சுமப்பவரும் அந்தப் பழியில் சேர்ந்தவர் என்று எங்கள் மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது. சின்ன வயதிலிருந்து எனக்கு அது தெரியும். லத்தீஃபாவிடம் எதை எழுதுவது என்று கேட்டேன். "செஞ்சது செஞ்சாச்சு. எழுத்துலயாச்சும் மறைக்காதீங்க" என்றாள்.

சைக்கிளில் மாட்ட மனம் வராமல், பையின் காதை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நடந்தேன். இதை வலத்தோளில் நன்மை எழுதும் மலக்கு எழுதுவாரா, இடத்தோளில் தீமை எழுதும் மலக்கு எழுதுவாரா என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒரு பிள்ளை தன் தாயிடம் உண்மை பேச வேண்டும். அதற்கு இந்தப் பை வேண்டும். இந்தப் பை ஹராம். வழியெல்லாம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் ஒன்று சரிந்தது.

5

கண்ணாத்தாள் வாசலில் மூட்டம் பிரித்துக்கொண்டிருந்தார். வைக்கோலை விலக்கியதும் சாக்கிலிருந்து ஆவி எழுந்தது. இனிப்பும் ஈர மண்ணும் கலந்த வாசனை. செழியன் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"வாங்க பாயி. என்ன பையி?"

"தம்பியோடதும்மா. கடையில விட்டுட்டான்."

செழியன் என்னைப் பார்த்தான். அப்புறம் சாக்கைப் பார்த்தபடியே சொல்லிவிட்டான்.

"அம்மா, அங்க நான் முளைகட்டுறது சாராயத்துக்கு. கெட்டுப்போயி காய வெக்கல. வேணும்னுதான் காய வெக்கிறோம். அத அரச்சு, புளிக்க வெச்சு, நாந்தான் காய்ச்சுறேன்."

கண்ணாத்தாளின் கை விதைக்குள்ளேயே இருந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"பாயி, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"மொத நாளுலேருந்து."

"அப்ப நீங்க பொய் சொல்லல. பாதிய முழுங்கிட்டீங்க." முந்தானையில் கையைத் துடைத்தார். "செரிச்சுதா?"

"செரிக்கலம்மா."

"நல்லா வேணும்."

அதற்குமேல் அவர் என்னைக் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய தண்டனைக்கு நான் தயாராக இருந்தேன்.

"எடு அத" என்றார் மகனிடம். அவன் திறந்து கொடுத்தான். டம்ளர் கேட்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து, தலைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி கொஞ்சம் விட்டுக்கொண்டார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. இன்னொரு கையால் சாக்கிலிருந்து ஒரு பிடி முளைவிதையை அள்ளி அதையும் முகர்ந்தார். திரும்பவும் இதை. திரும்பவும் அதை.

"எத்தன நாளு மூட்டம் போட்ட?"

"அஞ்சு நாளும்மா. தரையில பரப்பி."

"அஞ்சா! வேரு பின்னிக்காது?"

"எட்டு மணிநேரத்துக்கொருதரம் பலகையால திருப்பிப் போடுவோம்."

"ராத்திரியிலயும்?"

"ராத்திரியிலயும்."

"ம்."

நுனிநாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். முகம் சுருங்கி, விரிந்து, மறுபடியும் சுருங்கியது. பக்கத்தில் துப்பினார். நான் காலியாக விட்டிருந்த அடைப்புக்குறிக்குள் இனி அவர் சொன்னதைத்தான் எழுத முடியும்:

"முன்னாடி தித்திக்குது. நடுவுல காந்துது. அடியில வெத வாசம் அப்படியே நிக்குது. இன்னும் பச்ச போவல. எளசு."

பீப்பாயைத் திறந்த அன்றைக்கு செழியனுடைய முதலாளியும் இதையேதான் சொன்னாராம், இன்னும் தானிய வாசனை போகவில்லை என்று. பிறகு என்னிடம் சொன்னான். அப்போது அவன் கேட்டது வேறு.

"நல்லாருக்காம்மா?"

"நல்லாருக்குன்னு என் வாயால எப்படிடா சொல்லுவேன்?" கையிலிருந்த முளைவிதையைச் சாக்கில் திரும்பப் போட்டார். "ஒங்கப்பன் வெதைய வித்துக் குடிச்சாரு. நீ வெதையவே குடிக்கிறாப்ல ஆக்கிட்ட."

"வேணாம்னு சொல்லும்மா. நான் போவல."

அவர் பாட்டிலை மூடினார். எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க."

வாய்க்கால் கரையோடு நடந்து போனார். கரை வளைகிற இடத்தில் வேலமரத்தடியில் அவர்கள் குலதெய்வம் வீரனார் இருக்கிறார். ஒரு கல், ஒரு அரிவாள். செழியன் தணிந்த குரலில் சொன்னான்: "வீரனாருக்குச் சாராயந்தான் படையல் மாமா. அப்பா வெதைய வித்த வருசத்துலேருந்து அம்மா நிறுத்திட்டாங்க. 'எங்குடியக் கெடுத்தது ஒனக்கும் கெடையாது'ன்னு சாமிகிட்டயே சொல்லிட்டாங்களாம். பதினெட்டு வருசமா கோலி சோடாதான் வெக்கிறாங்க."

நாங்கள் நின்றோம். கரை வளைவைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. நான் தொழுகையில் கேட்பதுபோல மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மா என்ன செய்தால் நல்லது என்று எனக்கே பிடிபடவில்லை. "அவருக்கு லேசாக்கு" என்று மட்டும் கேட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது கை வெறுங்கையாக இருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார். செழியன் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"கையக் கழுவிட்டு வா. கூடையத் தூக்கு. நாத்தங்காலுக்குப் போவணும், வெயிலு ஏறிடும்."

அவன் கழுவிவிட்டு வந்தான். கூடையை அவன் தலையில் ஏற்றிவிட்டபடியே கேட்டார்:

"எப்ப ஒனக்கு டிக்கெட்டு?"

"இருபத்தெட்டாந் தேதிம்மா."

அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"அதுக்குள்ள நாத்து நாலு வெரக்கட ஒசரம் நிக்கும். பாத்துட்டுப் போ."

6

கதை இங்கே முடிந்துவிட்டது என்று லத்தீஃபா சொல்கிறாள். "போவச் சொல்லிட்டாங்கல்ல? அப்புறம் என்ன?" ஆனால் எனக்கு முடியவில்லை. அந்தப் பாட்டில் என்ன ஆயிற்று?

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கண்ணாத்தாள் வீரனாருக்கு முன்னால் அதை ஊற்றுகிறார், பதினெட்டு வருஷக் கோபம் தீர்கிறது. நன்றாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த வருஷப் படையலன்று அவர் என் பக்கத்துக் கடையில் கோலி சோடா வாங்கிப்போனதை நான் பார்த்தேன்.

இன்னொன்று. வாய்க்காலில் கொட்டிவிட்டு, பாட்டிலைச் சேற்றில் அழுத்திவிடுகிறார். எனக்குப் பிடித்திருக்க வேண்டிய முடிவு இது. எழுதி முடித்ததும், மகன் மூன்று வருஷம் கண் விழித்து வளர்த்ததைக் கொட்டும் அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மூன்றாவதை எழுதியிருக்கக் கூடாது. பச்சை வாசம் போகட்டும், இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கட்டும் என்று, வேலமரத்தடி மண்ணில் அதைப் புதைத்து வைக்கிறார். விஸ்கிக்குப் பீப்பாயில்தான் வயது ஏறும், பாட்டிலில் ஏறாது என்று செழியன் ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறான். கண்ணாத்தாளுக்கு யாரும் சொல்லவில்லை. இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே இதையும் நம்பவில்லை.

"எதுக்குங்க இந்தக் கொழப்பம்? கரை வளைவு வரைக்கும் நடந்து போயி பாத்துட்டு வாங்களேன். இல்லாட்டி கண்ணாத்தாகிட்டயே கேளுங்க. வெள்ளிக்கிழமை வருவாங்கல்ல?"

வருவார். வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மகனிடம் "எட்டு மணிநேரத்துக்கொருதரம் திருப்புனியா?" என்று கேட்பார். நான் தாள் அடுக்குவேன். அவரிடம் கேட்க நாக்கு எழாது. முன்பு அவருக்குச் சேர வேண்டிய பாதியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தப் பாதி அவருடையது. அவரே வைத்துக்கொள்ளட்டும்.

வாசகரே, உங்களை அவர் நிற்கச் சொல்லவில்லை. நீங்கள் வேண்டுமானால் கரையோடு நடந்து போய், வளைவைத் தாண்டிப் பாருங்கள். என்ன பார்த்தாலும் கண்ணாத்தாளைக் குறைத்து நினைக்காதீர்கள். என்னை "இங்கயே நில்லுங்க" என்றார். நான் இங்கேயே நிற்கிறேன்.